மாமாவை ஏரியில் எறிந்த நாள்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது வள்ளம் ஓட்டும் அணியில் சேர்ந்தார். துடுப்பு வலிப்பதற்கு அல்ல. எட்டுப் பேர் வலிக்கும் அந்த நீண்ட வள்ளத்தின் பின் நுனியில் ஒருவர் உட்கார்ந்து சுக்கானைத் திருப்ப வேண்டுமாம், தாளம் தப்பாமல் வலிக்கும்படி மற்றவர்களைப் பார்த்துக் கத்தவும் வேண்டுமாம். அதற்குப் பாரம் குறைந்த ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். மாமாவைக் குளிர்கால ஜாக்கெற்றோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தாண்டாது.

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினேழாவது மாடியில், எங்களோடுதான் அவர் இருந்தார். ஊரிலிருந்து வந்த மூன்று வருடங்களில் அவர் சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. சாப்பிட்ட கோப்பையைக்கூட ஓசை வராமல்தான் வைப்பார். அப்படிப்பட்டவர் கத்துகிற வேலைக்குப் போகிறார் என்றதும் அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"தண்ணியிலை உனக்கென்ன வேலை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

மாமா கத்தப் பழகியது எங்களிடம்தான். அம்மா வேலைக்குப் போனதும் என்னையும் தம்பியையும் சோபா மெத்தைகளில் ஒருவர் பின் ஒருவராக இருத்துவார். எனக்குத் தும்புத்தடி, தம்பிக்கு மொப். அவர் ஆங்கிலத்தில் கட்டளையிட, நாங்கள் கம்பளத்தில் வலிப்போம். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் தட்டும்வரை அது நடக்கும். வலிக்கிறவர்கள் ஏன் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவையளுக்குப் போற இடம் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றார். அன்றைக்கு அதோடு விளையாட்டை நிறுத்தி, மெத்தைகளைத் திரும்பச் சோபாவில் அடுக்கினார்.

செப்ரம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை போட்டி. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது அம்மாவும் சேலைக்கு மேல் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து லிவ்ற்றடியில் நின்றார். வரமாட்டேன் என்று முதல் நாள்தான் சொல்லியிருந்தார். ஏரிக்கரைக்கு வந்ததும் ஒரு வாங்கில் தண்ணீரைப் பாராமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான்கு வள்ளங்கள். நல்ல எதிர்க்காற்று. பாதித் தூரத்தில் மாமாவின் வள்ளம் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டது.

"ஒண்டு, ரெண்டு, இழுங்கோடா, இழுங்கோ!"

அந்த எட்டு வெள்ளைக்காரப் பையன்களுக்கும் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் இழுத்தார்கள். அரை வள்ள நீளத்தில் வென்றார்கள்.

வென்றால் சுக்கான் பிடித்தவரைத் தூக்கித் தண்ணீரில் எறிவது அந்த விளையாட்டில் ஒரு வழக்கமாம். எங்களுக்கு அது தெரியாது. இறங்குதுறையில் நான்கு பேர் மாமாவின் கையையும் காலையும் பிடித்து, ஊஞ்சல் போல ஆட்டி, ஏரிக்குள் எறிந்தார்கள். மாமா மறைந்துபோனார். நானும் தம்பியும் கைதட்டினோம்.

அம்மா எப்போது திரும்பிப் பார்த்தாரோ தெரியாது. நான் பார்க்கும்போது சப்பாத்தும் சேலையுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மேலே வந்து சிரித்தபடி நீந்தத் தொடங்கிய மாமா, அம்மாவைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டார். கிட்ட வந்தவரின் சட்டையை அம்மா பிடித்து இழுத்து, முதுகில் மாறி மாறி அடித்தார். எறிந்த பையன்கள் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் விறைத்துப்போய் நின்றார்கள்.

"அக்கா, எனக்கு இப்ப நீந்தத் தெரியும். பழகிட்டன் அக்கா," என்றார் மாமா.

அம்மா அதற்குப் பிறகு அடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துடைத்தார். அதுவும் நனைந்துதான் இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் மாமா ஒருவருக்கும் சொல்லாமல் நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கிறார். ஏன் என்பதை எனக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற, கிளாலிக் கடலேரியில் ஒரு வள்ளத்தில் அம்மாவின் தம்பிமார் இரண்டு பேர் ஏறினார்கள். வள்ளம் கவிழ்ந்தது. கரைக்கு வந்தது ஒருவர்தான்.

எட்டு வயதில் எனக்கு அந்த இன்னொரு மாமாவைத் தெரியாது. அன்று ஏரியிலிருந்து திரும்பி வரும்போது ஸ்ரீட்கார் என்கிற தெரு ரயிலில் அம்மா ஈரச் சேலையோடு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வழக்கமாக என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வருவார். அன்று இறங்கும்வரை மாமாவின் மணிக்கட்டை விடவேயில்லை. போட்டியில் வென்றால்தான் இந்த வீட்டில் செல்லம் என்று நினைத்து, நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தேன்.