இரண்டு இடக்கால்கள்

என் தகரப்பெட்டியில் பழுப்புத்தாள் ஒன்று இருக்கிறது. விரித்தால் காற்சட்டைத் துணி வெட்டுவதற்கான மாதிரி, ஒரு கால் மட்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அண்ணனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸம்மா அண்ணியிடம் கொடுத்தது. பெல்ட்டோ நாடாவோ கட்டினால் தையல் போட்ட இடம் அழுந்தும், இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடு என்றாராம். முடிச்சே இல்லாமல் ஒரு துணி இடுப்பில் எப்படி நிற்கும் என்பதுதான் கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு அன்று பெரிய கேள்வி.

அண்ணனுக்கு ஆவடி ராணுவக் கிடங்கில் ஃபிட்டர் வேலை. வேட்டியோடு பட்டறைக்குள் விடமாட்டார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா இல்லாத வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான் அடுப்பை எரித்தது. கடைகளில் துணி கிடைக்காத காலம் அது. அம்மா தீபாவளிக்கென்று வைத்திருந்த மண்நிறக் கைத்தறித் துணியை எடுத்துக் கொடுத்தாள். கத்திரி படுவதற்கு முன் அதன் மூலையில் கட்டைவிரலால் மஞ்சளை அழுத்தி வைத்தாள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எதுவும் நடக்காது எங்கள் வீட்டில்.

அண்ணிக்கு என் வயதுதான். நசரத்பேட்டையில் இருந்து வரும்போது தையல் மிஷினையும், எதையும் புரட்டிப் பார்க்காமல் விடாத குணத்தையும் கொண்டுவந்தாள். தாளைத் துணிமேல் வைத்ததும் நான் சிரித்துவிட்டேன். “இன்னா அண்ணி, இவ்ளோ அகலமா கீது? அண்ணன்கூட நானும் பூந்துக்கலாம் போல!”

“அதாம்மா எனக்கும் புரியல. தச்சுதான் பாப்போமே” என்றாள்.

தாளில் இருந்த இங்கிலீஷைப் படுத்தபடியே அண்ணன் படித்தான். “ரெண்டு வெட்டணும்னு போட்டுகீது.” அண்ணியும் தாளை வைத்து ஒன்று வெட்டினாள், தாளை அப்படியே நகர்த்தி வைத்து இன்னொன்றும் வெட்டினாள். சேர்த்துப் பார்த்தால் இரண்டும் இடக்கால்! அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “துணி பூட்டுதே! திங்கக்கெழம இன்னாத்தப் போட்டுகினு போவான்?” அண்ணி மட்டும் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அத்தே, இதுக்கு எது உள்பக்கம்?”

கைத்தறிக்கு ஏது உள்பக்கம்? இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் அதுவே வலக்கால்! ஆனால் அண்ணி கைவைத்த துண்டில் மஞ்சள் இருந்தது. “மஞ்ச வெச்சதக் கவுக்காத, இன்னொண்ணத் திருப்பு” என்று அம்மா தடுத்துவிட்டாள். அதனால் மஞ்சள் வெளியே தெரியும்படி, பின்பக்கம் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து உட்கார்ந்தது. எலாஸ்டிக்குக்கு எங்கே போவது? பஞ்சரான சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஊக்கு மாட்டி, இடுப்பு மடிப்புக்குள் கோத்தோம். இழுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்ததும் அத்தனை அகலமும் சுருங்கி இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அந்த அகலம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நானும் அண்ணியும் அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை மாலை அண்ணன் நடந்தே வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே அம்மா, “இன்னா சொன்னாங்க?” என்றாள்.

“குந்தி எந்திரின்னான் வெள்ளக்காரன். குந்துனேன், அதுவும் கூடவே விரிஞ்சுது. வலியே இல்ல. நாளைக்கும் வரச் சொல்ட்டான்” என்றான். பிறகு அண்ணியைப் பார்த்தான். “ஆனா பட்டற மொத்தமும் என் பின்னாலயே பாக்குது. இன்னாடா மஞ்சன்னு.”

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். இரண்டு நாளாக அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்று என் பேரன் கடையில் எலாஸ்டிக் பேண்ட் வாங்கி வந்தால், மஞ்சளை எங்கே வைப்பது என்று புரட்டிப் பார்க்கிறேன். அவன் கேலி செய்கிறான். அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. பழுப்புத்தாளை எடுத்துத் தரையில் விரிக்கிறேன், இடக்கால். அவள் செய்ததுபோல் கவிழ்த்துப் போடுகிறேன். வலக்கால் வந்துவிடுகிறது.