மர்ஜானின் அறை

கடந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. ராஸ் அல் கைமா கடற்கரையில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய முத்துக்குளிப்பு ஊர் ஒன்றைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் கீழக்கரை ஜப்பார் பாய், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தன் காரில் கூட்டிப்போனார். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பவளக்கல் சுவர்கள், ஜன்னல் உயரத்துக்கு மணல். கடல் பக்கத்தில்தான். ஆனால் சந்துக்குள் நுழைந்ததும் அலைச் சத்தம் அறுந்துவிட்டது.

ஒரு சின்ன அறையின் முன்னால் முபாரக் என்பவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கறுத்து உயர்ந்த உள்ளூர் எமிராத்தி. அவர் அரபியில் சொன்னதை பாய் எனக்குச் சொன்னார்.

முபாரக்கின் கொள்ளுத்தாத்தாவையும் அவர் தம்பி மர்ஜானையும் ஆப்பிரிக்கக் கரையில் பிடித்துவந்து இங்கே விற்றிருக்கிறார்கள். முதலாளி அண்ணனை மட்டும் விடுதலை செய்தார். அண்ணன் ஊரைவிட்டுப் போகவில்லை. தம்பிக்காக அதே முதலாளியின் முத்துப் படகில் கூலிக்கு முக்குளித்தார். ஒரு கோடையில் மர்ஜானுக்குக் கடும் காய்ச்சல். ஓடிவிடாதபடி இந்த அறையில் வைத்து வெளியே தாழ்போட்டார்கள். அண்ணனோடு படகு கிளம்பியது. முதலாளி வீட்டார் வெயிலுக்குப் பயந்து பேரீச்சந்தோப்புக்குப் போனார்கள். தாழ்ப்பாள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாதங்கள் கழித்து அண்ணன் திரும்பி வந்துதான் கதவைத் திறந்தார்.

அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் உள்ளே கால் வைத்ததில்லை. இப்போது ஊரைப் புதுப்பிக்கிறார்கள். அடுத்த வாரம் இந்தச் சந்து. அதற்கு முன் உள்ளே போய்ப் பார்க்க வந்தவருக்குக் கால் நகரவில்லை. முதலில் என்னைப் போகச் சொன்னார்.

உள்ளே குளிர்ந்தது. கதவின் உட்புறம், கீழ்ப்பாதி முழுக்கக் கீறல்கள். குனிந்து பார்த்தபோது, முக்குளித்து மேலே வந்தவன் விடுவதுபோல ஒரு நீண்ட மூச்சு என் பின்னால் கேட்டது. வெளியே வந்துவிட்டேன்.

"மூச்சுச் சத்தம் கேட்டுச்சு பாய்" என்றேன்.

பாய் அதை அரபியில் சொன்னதும் முபாரக் பயப்படவில்லை. செருப்பைக் கழற்றினார்.

"கதவப் புடிச்சுக்கிடணுமாம், தம்பி. என்ன ஆனாலும் விடக்கூடாதாம்" என்றார் பாய்.

காற்றே இல்லை. ஆனாலும் கதவு மூடப் பார்த்தது. நானும் பாயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே முபாரக், பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல மெதுவாகப் பேசினார்.

"இது அரபி இல்ல, தம்பி" என்றார் பாய்.

சட்டென்று கதவு இலகுவானது. முபாரக் முகம் நனைந்து வெளியே வந்தார். மறுவாரம் பிள்ளைகளோடு வந்து அந்தக் கதவைத் தானே கழற்றினாராம். பாயிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப்போங்கள், அங்கே கடை இல்லை. மூடிய காலணி நல்லது. ஒவ்வொரு வீட்டுக்கும் முதலாளியின் பெயரைத்தான் சொல்வார்கள். நீங்கள் மர்ஜானின் அறை எது என்று கேளுங்கள்.