வீட்டுக்கொரு கட்டை

அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னைப் படிக்க வைத்தவரைப் பற்றி அச்சில் எழுதும் நாள் இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

ஆனைமலைக்குத் தெற்கே மலையடியில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். காட்டு விறகைத் தலைச்சுமையாக விற்றுத் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார்; எனக்குப் புத்தகம் வாங்கினார். பிறகு மலை மொட்டையாகி, யானைகள் சோளக்காட்டில் இறங்கத் தொடங்கியபோது, “பாதி மலை நான் வித்துத் தின்னதுதான் கண்ணு” என்பார்.

வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைக் காப்பதென்று குழு அமைந்தது. முதலில் கை தூக்கியவர் அப்பா. இனி விறகு வெட்டுவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சாவுக்கு மட்டும் மரம் எடுக்க விடச் சொன்னார்கள். அப்பா விடவில்லை.

“இன்னைக்கு எழவுக்கும்பீங்க, நாளைக்குக் கல்யாணத்துக்கும்பீங்க.”

“ஏனுங்க மச்சான், அப்ப உங்களைய எதுல வெச்சு எரிக்கறதுங்க?” என்று என் தாய்மாமா கேட்க, கூட்டமே சிரித்தது.

“ஊட்டுக்கொரு கட்டை குடுங்க. மனசில்லீன்னா பொதைச்சுப்போடுங்க!”

அதுவே ஊர்க் கட்டுப்பாடாயிற்று.

சென்ற ஐப்பசி அடைமழையில் மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார். ஊரில் காய்ந்த விறகே இல்லை. “மலையில ஒரு பட்ட மரம் நிக்குது. அவருக்கில்லாததாங்க?” என்று பங்காளிகள் கோடாலியை எடுத்தார்கள். வனக்காவலர் தலையைக் குனிந்துகொண்டு, “வெட்டிக்கங்க. நான் பாக்கலைங்க” என்றார்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். “அவிய பேச்சைக் கெடுத்துப்போடாதீங்க. ஈரக் கட்டைன்னாலும் ஊருக்குள்ளயே பாருங்க.”

மாட்டுக் கொட்டகைத் தூண் வந்தது. கட்டில் சட்டம் வந்தது. பரணிலிருந்து வறட்டி இறங்கியது. தன் புது வீட்டு வாசல் நிலைக்காக அறுத்துக் காயவைத்திருந்த வேப்ப மரத்தைத் தாய்மாமா தோளில் சுமந்து வந்தார். இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம கேட்டுப்போட்டனே அம்மணி!”

ஈரமும் காய்ந்ததும் கலந்திருந்ததால் அப்பா எரிய வெகுநேரம் ஆனது. தூறலில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கட்டை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், கடைசிவரை நனைந்துகொண்டு நின்ற வனக்காவலருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம். அப்பா உங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். குறையில்லாமல் கொடுத்துவிட்டீர்கள்.