ரூவியில் கொடுத்த ஐந்து சட்டைகள்

மண்டபத்தைத் திரும்பிப் பார்க்காமலே மஸ்கட்டின் ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் பாதி தூரம் வந்துவிட்டேன். நவம்பர் வெயில், நடக்க இதமாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை. உள்ளே இஸ்திரி போட்ட ஐந்து சட்டைகள். எதுவும் நான் வாங்கியதில்லை.

சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாரம் கட்டுவது என் வேலை. அதற்கு முன் குவைத்தில் ஃபஹாஹீல், அப்புறம் ஷார்ஜா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு இதைவிட நல்ல ஊர்சுற்றல் கிடைக்காது. மேடையில் நின்று சிரிக்க வைப்பது இரண்டாவது வேலை. இதுவரை மேடை என்றால் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸின் மேஜைதான். அன்றைக்கு, அந்த வெள்ளிக்கிழமைதான், முதல்முறையாக மைக்: மஸ்கட் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் பத்து நிமிடம். சிரிப்பு வந்தால் துபாயில் ஒரு நிகழ்ச்சி, அதுவும் நன்றாகப் போனால் சாரத்தை விட்டே இறங்கிவிடலாம் என்று அமைப்பாளர் சொல்லியிருந்தார்.

நான் சொன்னது இதுதான்: "எங்க ரூம்ல எட்டுக் கட்டில், ஒரே ஒரு ஏசி. ஏசிக்கு நேரா படுக்கிறவனுக்கு ஊட்டி. கதவோரம் படுக்கிறவனுக்கு வேலூர். நடுவுல நான், திண்டிவனம். நான் ஊட்டிக்குப் போகணும்னா ஊட்டிக்காரன் லீவுல ஊருக்குப் போகணும்."

மெஸ்ஸில் இதற்குத் தட்டைத் தட்டுவார்கள். மண்டபத்தில் முன்வரிசை அம்மா ஒருவர் நெஞ்சில் கை வைத்தார். "அச்சச்சோ, எட்டுப் பேருக்கு ஒரு ஏசியா!" அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் முகங்கள் வாடிக்கொண்டே போயின. முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிரித்தவர் ஒருவர்கூட இல்லை. எங்கோ கொடுப்பதற்காகக் காரில் வைத்திருந்த பையைக் கணவரை அனுப்பி எடுத்துவரச் சொன்னார் அந்த அம்மா.

"மனசே ஆறல தம்பி. இவரோடதுதான், நல்லாவே இருக்கு. வேண்டாம்னு சொல்லிடாதே."

அமைப்பாளர் துபாய்ப் பேச்சையே எடுக்கவில்லை.

புர்ஜ் அல் ஸஹ்வா ரவுண்டானா வரைக்கும் சிட்டி பஸ், அரை ரியால். தன்னம்பிக்கை வீடியோக்கள் நானும் பார்ப்பவன்தான். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று தினமும் சொல்லச் சொல்வார்கள். கேம்ப் குளியலறைக் கண்ணாடி முன் நின்றால் பின்னாலிருந்து ஆறு பேர் வாளியோடு "முடிஞ்சுதா?" என்பார்கள். அதனால் என் வழி வேறு. பேசியதைப் போனில் பதிவு செய்து கேட்பேன். சிரிப்பு வராத இடத்தில் சொற்களைக் குறைப்பேன். பஸ்ஸில் அன்றைய பதிவைக் கேட்டேன். குறைக்க ஒன்றும் தெரியவில்லை. ஊட்டிக்குப் பிறகு அந்த "அச்சச்சோ" மட்டும் தெளிவாகக் கேட்டது.

ரவுண்டானாவில் சோஹார் டாக்ஸி நின்றது. இருநூறு கிலோமீட்டருக்கு ஐந்து ரியால் கேட்டார் ஓட்டுநர் சலீம், நாலுக்கு இறங்கினார். ஓமானியர், பலூச்சி, எங்களைவிட நன்றாக இந்தி பேசினார். முன்சீட்டில் இரண்டு பேருக்குச் சமமாக ஒருவர் இருந்தார், முதுகுளத்தூர்க்காரர், எலக்ட்ரீஷியன், பெயர் முருகேசன். பின்னால் என்னோடு ஏறிய இரண்டு வங்காளிகள் ஏறியதும் தூங்கிவிட்டார்கள்.

பர்க்கா தாண்டியதும் பேரீச்சைத் தோப்புகள். வலப்பக்கம் எங்கோ கடல் இருப்பது காற்றில் தெரிந்தது.

"பையில என்னப்பு? மஸ்கட் அல்வாவா?" என்றார் முருகேசன்.

"சட்டைண்ணே."

"எம்புட்டு?"

"வாங்கலண்ணே. கொடுத்தாங்க." நடந்ததைச் சொன்னேன். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னேன். ஏசிக் கட்டம் வந்ததும், "எங்க ரூம் ஊட்டிக்காரன் மப்ளர் கட்டிக்கிட்டுல்லப்பு தூங்குவான்" என்றார். சட்டைக்கு வந்தபோது சீட் ஆட ஆரம்பித்தது.

"சிரிப்புக் காட்டப் போனவனுக்கு வெள்ள நிவாரணமா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அளவாச்சும் சரியா இருக்காப்பு?"

"கழுத்துல இன்னொருத்தனும் நுழையலாம்ணே."

"க்யா ஹுவா பாய்?" என்று காரணம் கேட்டார் சலீம். முருகேசன் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் கார் கொஞ்சம் ஓரம் போனது. சுவைக் என்ற ஊரில் கரக் டீக்கு நிறுத்தியபோது சலீம் ஒரு சட்டையை விரித்துத் தன் வெள்ளை அங்கிமேல் வைத்துப் பார்த்தார். டீக்கடையே பார்த்துச் சிரித்தது. அங்கே யாருக்கும் என்மேல் பரிதாபமில்லை. வெட்கப்பட்டு நான் ஒளித்துக்கொண்டு வந்த சட்டைகள்தான் அன்றைய ஒரே நல்ல நகைச்சுவை என்று டீயைக் குடிக்கும்போது புரிந்தது. மண்டபத்தில் நான் ரூமைக் காட்டினேன். அவர்கள் ரூமைப் பார்த்தார்கள், பரிதாபப்பட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

சஹாமில் முருகேசன் இறங்கினார். "அடுத்த தடவை பேண்டும் கேளு" என்று கதவைச் சாத்தினார்.

சோஹார் வந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. படுப்பதற்கு முன் நீல நிறச் சட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன்.

எங்கள் சைட்டில் தினமும் காலையில் வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்திப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்கள். டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். பேசுபவர் சேஃப்டி ஆபீசர் ஜோஸ் சேட்டன். தாளைப் பார்த்து வாசிப்பார். நூறு பேர் நின்றபடி தூங்குவார்கள். போன மாதம் பீகார்க்காரர் ஒருவர் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைச் சாரத்தில் மாட்டாமல் ஏறி, இரண்டாம் தட்டிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து சேட்டன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார், உதவியாளனாக வா, காலையில் நீ பேசு என்று. துபாய் நினைப்பில் மறுத்து வந்தேன்.

சனிக்கிழமை காலை அவரிடம் போனேன். "சேட்டா, நான் பேசுறேன்."

"நேத்து வரைக்கும் வேண்டாம்னல்லே சொன்னே?" என்றபடி தாளை நீட்டினார். வாங்கவில்லை.

தொளதொள நீலச் சட்டையோடு முன்னால் நின்றேன். பாதி இந்தி, பாதி தமிழ். "நேத்து மஸ்கட்ல எல்லாரையும் சிரிக்க வைக்கப் போனேன். எல்லாரும் அழுதுட்டாங்க. அதுக்குச் சாட்சி இந்தச் சட்டை." தூங்கியவர்கள் விழித்தார்கள். ஏசியைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன். வேலூர்க் கட்டில்காரன் விசில் அடித்தான்.

"மேல ஏறினா கொக்கியை மாட்டு பாய். மாட்டாம விழுந்தா, பாவம்னு உனக்கும் சட்டை கொண்டு வருவாங்க. ஆனா போட முடியாது. கை கட்டுல இருக்கும்."

சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருவன் தன் கொக்கியை இழுத்துப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்தவன். டக், டக் என்று பின்வரிசை வரைக்கும் போயிற்று.

ஜோஸ் சேட்டன் உதவியாளருக்கான பச்சை ஜாக்கெட்டை என் கையில் வைத்தார். "நாளைக்கு எந்தா சொல்லப் போறே?"

"இன்னும் நாலு சட்டை இருக்கு சேட்டா."