மாமா காரின் பட்டாள ஸ்டேரிங்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஊரே பார்த்துச் சிரித்த பாறைமேட்டில் ஏலச்செடி வைத்துக் காய் எடுத்தேன். ‘இங்கே பாலம் நிற்காது’ என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போன ஓடையில் ஜீப்பு போகப் பாலம் போட்டேன். அடுத்த தடவை அவர் அதன் மேல்தான் வந்தார். போடியில் மாடிவீடு கட்டினேன். இதற்கெல்லாம் யாரிடமும் பேர் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் கேட்கிறேன், அதைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள். போன மாதம் பேத்தி காதுகுத்தில் என் தாய்மாமா மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா அந்தக் காலத்துலயே சொந்தக் காரைத் தானே ஓட்டிச் சீர் கொண்டுவந்தவரு” என்கிறான். எனக்குச் சோறு இறங்குமா?

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப் போன பழைய கார் குரங்கணியில் இருந்த என் மாமாவிடம் வந்து சேர்ந்தது. மாமா லாரி ஓட்டுகிறவர். காரின் ஸ்டேரிங் பெட்டிக்குள் பல்லெல்லாம் தேய்ந்து கிடந்தது. அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். அந்தக் காருக்குரிய சாமான் மதுரையிலேயே கிடைக்கவில்லை. மாமா சும்மா இருப்பாரா? பழைய இரும்புக் கடையில் பட்டாள ஜீப்பின் ஸ்டேரிங் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார். பட்டாள ஜீப்புக்கு ஸ்டேரிங் இடப்பக்கம். மாமா காருக்கு வலப்பக்கம்.

“இரும்புக்கு ஏது மாப்ளே இடதும் வலதும்?” என்று பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முடுக்கினார்.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் மேலே உட்கார்ந்து ஸ்டேரிங்கைத் திருப்புவேன். அவர் அடியில் படுத்து, சக்கரம் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று பார்ப்பார். திரும்பியது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த மனுஷன் ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் இடப்பக்கம் சுற்றினால் சக்கரம் வலப்பக்கம் போகும். கார் என்றாலே அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் சிலமலையில் என் தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. அம்மாவுக்கு அது காது சங்கதி மட்டுமல்ல. அவள் கல்யாணத்தன்று பிறந்தவீட்டுச் சீர்வண்டி வழியில் சக்கரம் கழன்று, பந்தி முடிந்த பிறகுதான் வந்ததாம். குழம்பில் உப்புக் கூடினால்கூட அப்பா அந்தச் சக்கரத்தின் பேச்சைத்தான் எடுப்பார். இந்தக் காதுகுத்துக்கும் சொல்லியிருந்தார்: “ஒங்க அண்ணன் வந்தா காரு வராது. காரு வந்தா ஒங்க அண்ணன் வரமாட்டாரு.”

அன்று காலை சீர்த்தட்டு, வாழைத்தார், பின்சீட்டில் ஒரு கிடாய் எல்லாம் ஏற்றிப் புறப்பட்டோம். முதல் வளைவில் கார் காப்பிச் செடிக்குள் போனது. பின்னால் எடுத்து மறுபடி கிளப்பினார். எதிர்ப்பக்க வேலிக்குள் போனது. கிடாய் கத்தியது.

“மாமா, நீங்க தப்பாத் திருப்புறீங்க.”

“டேய், நீ பொறக்கதுக்கு முன்னாடியே லாரி ஓட்டுனவன்டா நானு!”

“அதான் மாமா தப்பு.”

மூன்றாவது தடவை ஓடைக்கரையில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு விளங்கியது. கழற்றி மாட்ட நேரமில்லை. பஸ்சில் போவோம் என்றேன். முறைத்தார். எத்தனை வருஷக் கை! மூளை சொன்னாலும் கை கேட்கவில்லை. என் கைக்கோ வேறு பழக்கமே கிடையாது.

கடைசியில் தங்கை உட்கார வேண்டிய மடியில் நான் உட்கார்ந்தேன். மிதிப்பதும் கியரும் அவர் சோலி, ஸ்டேரிங் என் சோலி. குரங்கணி வளைவு அத்தனையையும் இறக்கி, போடிக் கடைத்தெருவில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே நுழைத்து எடுத்தவன் நான். அதற்குள்ளும் “வெரசாத் திருப்பு, மெதுவாத் திருப்பு” என்று காதுக்குள் ஓயாத கூச்சல்.

சிலமலை எல்லையில் காரை நிறுத்தினார். “மாப்ளே, கீழ குனிஞ்சுக்க.”

பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ஸ்டேரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் திருப்பினேன். மேலே அவர் கை சும்மா கிடந்தது, கோயில் உற்சவர் கை மாதிரி. அவர் முணுமுணுத்த பக்கமெல்லாம் திருப்பி, பந்தல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மேளம், குலவை, மாலை. எல்லாம் அவருக்கு.

அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தானே கிடாயை இறக்கினார். அப்போது அம்மா காரைப் பார்க்கவில்லை. அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய், “ஆத்தா, காரை ஓட்டுனது நாந்தான்” என்று கத்த வாயெடுத்தேன். பாதியிலேயே என் வாயைப் பொத்தினாள். “தெரியும்டா, வரும்போதே ஒன் கையப் பாத்துட்டேன், பேசாம இரு” என்று ஒரு லட்டை வாயில் திணித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் லட்டு இனிக்கவே இல்லை. தெரிந்திருந்தும் ஏன் பொத்தினாள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் குழம்பில் எவ்வளவு உப்புக் கூடினாலும் அந்தச் சக்கரத்தின் பேச்சு வரவில்லை.

சரி, அம்மாவுக்காக இத்தனை வருஷம் பொத்திய வாயோடு இருந்தாயிற்று. இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அடுத்த காதுகுத்தில் மைக்கைப் பிடிக்கிறவன் சொல்லட்டும்: கார் மாமாவுடையது, மிதித்தது மாமா, திருப்பியது நான்.