வேட்டியில் ரத்தம்

பிள்ளைகளே, வியட்நாமின் சைகோனில் சண்டை நடந்த காலத்தில் நான் மார்க்கெட் பக்கத்துத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் போவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் ஒரு நாள் மகளும் கடையில் இருந்தாள். திடீரென்று தெருவில் குண்டு வெடித்தது. எல்லோரும் தரையில் படுத்தோம். நான் எழுந்ததும், "அப்பா, வேட்டியெல்லாம் ரத்தம்!" என்று அவள் அலறினாள். குண்டு பட்டுவிட்டது என்று நானும் நம்பினேன். வலி இல்லை, பயமும் வரவில்லை. மரம்போல் நின்றேன்.

கூட வேலை பார்த்த காரைக்கால்காரர் வேட்டியைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு ஓட்டைகூட இல்லியே அண்ணே! இது எந்த ஊரு குண்டு?"

"மூலம்" என்றேன்.

"அதைச் சொல்ல வெட்கம், குண்டடின்னா பரவாயில்லையாக்கும்!" என்று திட்டினார். மகள் அழுகையை நிறுத்தவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, ஆரம்ப மூலம்தான் என்றார். ஆயுர்வேத வைத்தியர் கொடுத்த திரிபலா சூரணத்தை வெந்நீரில் கலந்து சாப்பிட்டேன். மிளகாயைக் குறைத்து, கீரையும் மோரும் சேர்த்தேன். ரத்தம் மெல்ல நின்றது.

இப்போதெல்லாம் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் மகளிடம் சொல்லிவிடுகிறேன். அவளாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவதில்லை.