ஆடிக் காற்றும் அக்காவின் பேனரும்

எங்கள் ஆட்டுக் கொட்டகையின் மேற்குப் பக்கம் சாரல் அடிக்காமலிருக்க ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தேன், எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி. 'தடையில்லா அதிவேக இணையம்' என்ற அச்சு வெளிறிவிட்டது. அதன் கீழே சிவப்புப் பெயிண்டில் கையால் எழுதிய வரி மட்டும் அப்படியே இருக்கிறது: 'ஆடிக் காத்துல அறுந்து போகும். போன் பண்ணுங்க.' பக்கத்தில் அக்காவின் செல் நம்பர்.

ஊரே அக்கா என்று கூப்பிடும் அவர், திண்டுக்கல் பக்கத்து எரியோட்டில் கேபிள் டிவி நடத்தியவர். பிறகு ஒரு கம்பெனியின் இணைய இணைப்புக்கும் ஏஜென்சி எடுத்தார். அவர் கடையில் புகார் போன்களை எடுப்பது என் வேலை. செல்போன் டவர் எங்கள் பக்கம் பேச மட்டும்தான் உதவும். மற்ற எல்லாவற்றுக்கும் தென்னந்தோப்பு ஓரமாக வரும் அந்த ஒயர்தான் கதி. ஆடி பிறந்தால் மட்டை விழும், ஒயர் அறும், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கடை வாசலில் தொங்கிய கம்பெனி பேனரில் அந்த வரியை எழுதிவிட்டார்.

அதை முதலில் ஊன்றிப் படித்தவர் கம்பெனியின் ஏரியா மேனேஜர். "சாயங்காலத்துக்குள்ள இதை எடுக்கலைன்னா ஏஜென்சி இருக்காது மேடம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தக் கடையை நம்பி அக்காவின் வீடும் இருந்தது, என் வீடும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு புதுப்பெண் உள்ளே வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. சென்னைக் கம்பெனி வேலையாம். புகுந்த வீட்டிலிருந்தே செய்யலாமாம். ஆனால் இணைப்பு அடிக்கடி போனால் வேலையும் போய்விடுமாம். "நம்பி வாங்கலாமாக்கா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "தாராளமா வாங்கலாம்மா. கட்டே ஆகாது."

அவள் அக்காவைத்தான் பார்த்தாள். அக்கா, வாயைத் திறக்காதே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மத்த மாசமெல்லாம் நிக்கும்மா. ஆடியில நிக்காது. என்னைய நம்பி வேலைய விட்டுறாத."

மேனேஜரின் முகம் கறுத்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஆடிக்குத்தான் அம்மா வீட்டுக்குப் போயிருவேனே. திண்டுக்கல்லுல லைன் நல்லாருக்கும். கனெக்‌ஷன் குடுங்கக்கா."

மேனேஜர் மனம் மாறவில்லை. அக்காவும் பேனரை எடுக்கவில்லை. ஏஜென்சி வேறு ஆளுக்குப் போனது. கடையைக் காலி செய்த அன்று பேனரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "ஆட்டுக்கு ஆகும், கொண்டு போடா." எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று பல நாள் வைதிருக்கிறேன்.

இந்த ஆடியிலும் ஒயர் அறுந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மகளுக்குக் காலேஜ் கவுன்சிலிங். அன்றைக்குள் இணையத்தில் பதிந்தாக வேண்டும். புது ஏஜெண்ட் காலையிலிருந்து "இந்தா வந்துரும்ணே" என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். மனுஷன் நேராக எங்கள் கொட்டகைக்குள் நுழைந்து, ஆடுகளை விலக்கி, நம்பரைப் பார்த்துப் போன் போட்டார்.

"மட்டை எங்க விழுந்திருக்கு?" என்றது ஸ்பீக்கரில் அக்காவின் குரல்.

"கோயில் தோப்புக்கிட்டக்கா."

"அப்ப இன்னைக்கு வராது. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வேடசந்தூரு பிரவுசிங் சென்டருக்குப் போயிரு. இப்பவே கெளம்பு."

அவர் உடனே பைக்கை எடுத்தார். அக்காவிடம் ஏஜென்சி இல்லையென்று அவருக்கும் தெரியும்.

காற்றில் பேனரின் ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மற்ற முனைகளையும் அவிழ்த்து, எழுத்துப் பக்கம் தெருவைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன்.